கொல்லைப்புற வானம்: கேமரா இருக்கு, படம் எங்கே?

எடின்பரோவிலிருந்து ஒரு வாசகர் நீளமாகக் கடிதம் எழுதியிருந்தார். பத்து வயது மகளுக்காக ஒரு நடுத்தரத் தொலைநோக்கி, அதில் மாட்ட ஒரு சின்ன கேமரா, இரண்டும் வாங்கி மூன்று மாதம் ஆகிறதாம். பகலில் வீட்டுக்குள் லேப்டாப்பில் மாட்டினால் எதிர்வீட்டுப் புகைபோக்கி அழகாகத் தெரிகிறது. இரவில் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் "கேமரா இல்லை" என்கிறது மென்பொருள். சில நாள் கிடைக்கிறது, பத்து நிமிடத்தில் காணாமல் போகிறது. மகள் வியாழனைப் பார்க்கக் குல்லாய், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு நின்று நின்று, கடைசியில் "கிடைச்சதும் கூப்பிடுங்கப்பா" என்று உள்ளே போய்விட்டாள். "மூணாவது தடவை அவ வெளியவே வரலை அண்ணா. இதைத் திருப்பி அனுப்பிட்டு வேற கம்பெனி கேமரா வாங்கிடலாமா?" என்று முடித்திருந்தார்.

வேண்டாம், அனுப்பாதீங்க. இதே கடிதம் வேறு வேறு ஊரிலிருந்து, வேறு வேறு கேமரா பெயரோடு எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதில் கேமராவே கெட்டுப்போயிருந்தது மிக அபூர்வம். பெரும்பாலும் வில்லன் கேமராவுக்கும் கணினிக்கும் நடுவில் எங்கேயாவது ஒளிந்துகொண்டிருப்பான். ஒயர், போர்ட், மின்சாரம், டிரைவர், அப்புறம் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று கணினி தானாகச் செய்யும் சில வேலைகள். அதனால் இந்த முறை நட்சத்திரம், கிரகம் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். ஒயரைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் இல்லை. எடின்பரோவில் டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே வானத்தைக் காட்டிவிடலாம். ஜூனில் அங்கே சரியான இருட்டே வராது. ஆக, கிடைப்பது குளிர்காலம் மட்டும். அதிலும் மேகமில்லாத மாலைகள் எத்தனை! அதில் ஒன்றை ஒயரோடு மல்லுக்கட்டியே தொலைத்தால் வயிறு எரியுமா எரியாதா? கிரகணம் என்றால் இன்னும் மோசம். 2024 ஏப்ரல் 8 அன்று நயாகரா அருவிப் பக்கம் முழு சூரிய கிரகணம் நீடித்தது சுமார் மூன்றரை நிமிடம். அந்த மூன்றரை நிமிடத்தில் டிரைவர் டவுன்லோடுகூட ஆகாது.

எனவே முதல் வேலை, இந்தச் சோதனையைப் பகலில், சாப்பாட்டு மேசையில் செய்வது. இருட்டில், குளிரில், நெற்றியில் சிவப்பு விளக்கோடு எந்தப் பழுதையும் கண்டுபிடிக்க முடியாது, கோபம்தான் வரும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. இரவில் எதை எதை மாட்டுவீர்களோ அதை அப்படியே மேசைமேல் மாட்ட வேண்டும். அதே கேபிள், அதே ஹப், அதே அடாப்டர், அதே லேப்டாப். ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். எடின்பரோ நண்பர் "வீட்டுக்குள்ள வேலை செய்யுதே" என்று சொன்னது ஒரு அமைப்பு. தோட்டத்தில் அவர் மாட்டியது வேறு அமைப்பு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

மேசையில் உட்கார்ந்ததும் வானியல் மென்பொருளைத் திறக்காதீர்கள். அது "கேமரா கிடைக்கவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் எல்லாக் கோளாறையும் சொல்லிவிடும், எதையும் விளக்காது. முதலில் கேட்க வேண்டியது கணினியிடம். விண்டோஸ் என்றால் ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைப் பிடுங்குங்கள், மாட்டுங்கள். 'டிங்' என்று சத்தம் வருகிறதா? பட்டியல் ஒருமுறை கண்சிமிட்டிப் புதிதாக ஒரு வரி சேர்கிறதா? மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதியைப் பார்க்கலாம். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளை தெரிந்திருக்கும்.

ஒன்றுமே அசையவில்லை என்றால் கணினிக்கு அப்படி ஒரு பொருள் மாட்டியதே தெரியவில்லை என்று அர்த்தம். டிரைவரை நூறு தடவை மாற்றிப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. ஒயரையும் மின்சாரத்தையும்தான் பார்க்க வேண்டும். புதிய வரி வருகிறது, ஆனால் மஞ்சள் முக்கோணம் இருக்கிறது என்றால் அதை இரட்டை கிளிக் செய்து எண்ணைப் படியுங்கள். கோட் 28 என்றால் டிரைவர் இல்லை, அவ்வளவுதான், சுலபம். கோட் 43, அதோடு 'டிவைஸ் டிஸ்கிரிப்டர்' கிடைக்கவில்லை என்று வந்தால், கணினி "யாரப்பா நீ?" என்று கேட்டதற்கு கேமரா சொன்ன பதில் சரியாக வந்து சேரவில்லை. இதைப் பார்த்ததும் நிறையப் பேர் டிரைவரை அழித்துப் போடுவார்கள். பெரும்பாலும் தப்பு ஒயரிலோ, போர்ட்டிலோ, மின்சாரத்திலோதான். மூன்றாவதாக, வரி சுத்தமாக, கேமரா பெயரோடு நிற்கிறது, மென்பொருளில் மட்டும் காணோம் என்றால் ஒயரை விட்டுவிட்டு மென்பொருள் பக்கம் போகலாம். இந்த ஒரு சோதனை உங்கள் வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

இனி ஒயர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் முக்கால்வாசி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

நம் வீடுகளில் யூஎஸ்பி கேபிள்கள் ஒரு டிராயர் நிறையக் கிடக்கும். பழைய போனோடு வந்தது, ஹெட்ஃபோனோடு வந்தது, யாரோ விருந்தாளி விட்டுப்போனது. தலை பொருந்துகிறது என்பதற்காக அதில் ஒன்றை எடுத்து மாட்டக்கூடாது. சில கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டும்தான் இருக்கும், தகவல் போகும் கம்பிகளே இருக்காது. கேமராவில் சின்ன விளக்கு எரியும், விசிறி சுற்றும், கணினிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. டைப்-சி கேபிளில் இன்னொரு வம்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தலை இருந்தாலும் உள்ளே யூஎஸ்பி 2 கம்பிகள் மட்டும் இருக்கும் கேபிள்கள் நிறைய விற்பனையில் இருக்கின்றன. போனோடு வருபவை பல அப்படித்தான். கேமரா வேலை செய்யும், ஆனால் ஆமை வேகம்.

பெரிய கேமராக்களில் சதுரமாக, மேலே ஒரு சின்ன மாடி வைத்த மாதிரி ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் யூஎஸ்பி 3 டைப்-பி. பிரிண்டர் கேபிள் அதன் கீழ்ப்பகுதியில் பொருந்திவிடும், யூஎஸ்பி 2 வேகத்தில் ஓடவும் செய்யும். "கேமரா புதுசு, ஆனா ரொம்ப ஸ்லோ" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "பிரிண்டர் ஒயரா மாட்டியிருக்கீங்க?" என்றுதான். சரியான கேபிளாக இருந்தாலும் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். இந்தத் தலை பாதி உள்ளே போய் 'மாட்டியாச்சு' என்று ஏமாற்றும். கணினிப் பக்கத்தில் இன்னொரு விநோதம் உண்டு. யூஎஸ்பி 3 தலையை மெதுவாக, தயங்கித் தயங்கி நுழைத்தால் பழைய யூஎஸ்பி 2 கம்பிகள் முதலில் தொட்டுவிடும். கணினி "ஓ, பழைய ஆள்" என்று முடிவு செய்து அந்த வேகத்திலேயே நின்றுவிடலாம். பிடுங்கிவிட்டு, ஒரே மூச்சில் மாட்டுங்கள்.

அடுத்தது நீளம். யூஎஸ்பி 2 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. யூஎஸ்பி 3 என்றால் நடைமுறையில் 3 மீட்டர். அதற்குமேல் வேண்டுமென்றால் நடுவில் சிக்னலைத் திரும்பத் தூக்கிவிடும் சிப் வைத்த 'ஆக்டிவ்' கேபிள் வேண்டும். வெறும் எக்ஸ்டென்ஷன் போட்டு நீட்டினால் ஒவ்வொரு மூட்டும் ஒரு பலவீனம். மவுசும் கீபோர்டும் அதில் ஓடும், ஏனென்றால் அவை அனுப்புவது துளித்துளி. கேமரா அனுப்புவது வெள்ளம்.

எடின்பரோ கதை இங்கேதான் முடிந்தது. வீட்டுக்குள் கேமராவோடு வந்த ஒன்றரை மீட்டர் கேபிள், நேராக லேப்டாப்பில். தோட்டத்தில் என்றால், குளிர் தாங்காமல் லேப்டாப் சமையலறையில். ஜன்னல் வழியாக 5 மீட்டர் சாதா எக்ஸ்டென்ஷன், அதன் முனையில் தனி மின்சாரம் இல்லாத ஒரு சின்ன ஹப், அதில் கேமரா, கூடவே தொலைநோக்கியை நகர்த்தும் கன்ட்ரோலர். "அண்ணா, பகல்ல டெஸ்ட் பண்ணும்போது இதெல்லாம் மாட்டலையே!" என்று அவரே சொல்லிவிட்டார். புதிதாக எதுவும் வாங்கச் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்து, அதற்குள் லேப்டாப்பை வைத்து, தொலைநோக்கிக்குப் பக்கத்திலேயே ஒன்றரை மீட்டர் கேபிளில் கேமராவை நேராக மாட்டச் சொன்னேன். கன்ட்ரோலருக்கு இன்னொரு போர்ட். சமையலறையிலிருந்து இன்னொரு கணினி வழியாக அந்தத் திரையைப் பார்க்கலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு வரி வந்தது. வியாழனும் மூன்று நிலாவும் தெரிந்ததாம். மகள் உடனே, "நாலு இருக்கணுமே, ஒண்ணு எங்கே?" என்று கேட்டாளாம். அது வியாழனுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும், அல்லது பின்னால் ஒளிந்திருக்கும். அப்பாவுக்கு வீட்டுப்பாடம் கிடைத்துவிட்டது.

சரி, ஒயர் நன்றாக இருக்கிறது, இன்னும் விட்டு விட்டுப் போகிறது என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 2 போர்ட் தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 என்றால் 900. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் நாலு பொருளை மாட்டினால் இதைத்தான் நாலு பேரும் பங்கு போட வேண்டும். சாம்பாரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிற மாதிரிதான். ஹப் வேண்டுமென்றால் அடாப்டர் உள்ளதாகவே வாங்குங்கள். இருப்பது ஒரே நல்ல போர்ட் என்றால் அதை முக்கிய கேமராவுக்குக் கொடுத்துவிட்டு மற்றவற்றை ஹப்பில் போடுங்கள். மேசைக் கணினி என்றால் முன்பக்கப் போர்ட்டை விடப் பின்பக்கப் போர்ட் நம்பகமானது. அது நேராக மதர்போர்டிலேயே இருக்கிறது.

குளிரூட்டி வைத்த கேமராவுக்குத் தனியாக 12 வோல்ட் வேண்டும். சில மாடல்களில் இது இல்லாமலும் கணினிக்குக் கேமரா தெரியும், குளிர்ச்சி மட்டும் வராது. சில மாடல்களில் 12 வோல்ட் இல்லாவிட்டால் கேமரா எழுந்திருக்கவே எழுந்திருக்காது. உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் ஒருமுறை பார்த்து வையுங்கள். குளிரூட்டி முழு வேகத்தில் ஓடும்போது 3 ஆம்பியர் வரை இழுக்கும். மிக மெல்லிய ஒயரில் 5 மீட்டர் தூரம் இதைக் கொண்டுபோனால் வழியிலேயே 2 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். எனவே கேமரா மாட்டியதும் நன்றாக இருந்து, குளிரூட்டியைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் தொலைந்து போகிறது என்றால் டிரைவரைத் திட்டாதீர்கள். குளிரூட்டியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்போது போகவில்லையென்றால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

டிரைவர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பழைய காலத்து ஆள் மாதிரி இருக்கும். வேலை செய்கிற டிரைவரைத் தொடாதீர்கள், அதுவும் முக்கியமான இரவுக்கு முந்தின நாள் தொடவே தொடாதீர்கள். புதிதாக நிறுவும்போது கேமராவைப் பிடுங்கி வைத்துவிட்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுத்து நிறுவி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, பிறகு மாட்டுங்கள். விண்டோஸில் இரண்டு அடுக்கு உண்டு என்பது பலருக்குக் குழப்பம். ஒன்று கேமராவின் சொந்த டிரைவர். இன்னொன்று ஆஸ்காம் என்ற பொதுமொழி. ஆஸ்காம் வழியாகப் பேசும் மென்பொருளுக்கு ஆஸ்காம் தளமும் வேண்டும், அந்தக் கேமராவுக்கான ஆஸ்காம் டிரைவரும் வேண்டும். வியாழன், சனி மாதிரி கிரகங்களை வீடியோவாகப் பிடிக்கிறவர்கள் முடிந்தவரை நேர் டிரைவரையே தேர்ந்தெடுங்கள். ஆஸ்காம் நீண்ட எக்ஸ்போஷர் படங்களுக்காகப் பிறந்தது, வேகத்துக்காக அல்ல. பட்டியலில் ஒரே கேமரா இரண்டு பெயரில் தெரிந்தால் காரணம் இதுதான்.

புது லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்நாப்டிராகன் மாதிரி ஆர்ம் வகை சிப் வைத்த விண்டோஸ் லேப்டாப்கள் எடை குறைவு, பேட்டரி அருமை. ஆனால் சாதாரண விண்டோஸ் கணினிக்கு எழுதிய டிரைவர் அதில் ஓடாது. மற்ற மென்பொருள்களை அந்தக் கணினி எப்படியோ மொழிபெயர்த்து ஓட்டிவிடும், டிரைவரை ஓட்ட முடியாது. உங்கள் கேமராவுக்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய கேமரா, புது விண்டோஸ் 11 என்றால் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி பழைய டிரைவரைத் தடுத்து நிறுத்தலாம். அதை அணைப்பதைவிடப் புது டிரைவர் தேடுவது நல்லது. மேக் லேப்டாப்பில் வென்சுரா வந்ததிலிருந்து புது யூஎஸ்பி பொருள் மாட்டினால் "அனுமதிக்கவா?" என்று ஒரு சின்னக் கேள்வி வரும். கவனிக்காமல் மூடிவிட்டால் கேமரா வாசலிலேயே நிற்கும்.

டிவைஸ் மேனேஜரில் எல்லாம் சுத்தம், டிரைவரும் சரி, ஆனாலும் மென்பொருள் "கிடைக்கவில்லை" என்கிறதா? ஒரு கேமராவை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும். ஷார்ப்கேப்பைத் திறந்து வைத்துவிட்டு நீனாவில் இணைக்கப் பார்த்தால் வராது. பிஎச்டி2 வழிகாட்டி கேமராவைப் பிடிப்பதற்குப் பதில் முக்கிய கேமராவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இது ரொம்ப சகஜம். சில சமயம் மென்பொருளை மூடிய பிறகும் பின்னணியில் அது சாகாமல் கேமராவை விடாமல் வைத்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் போய்ப் பாருங்கள். தேடிப் பிடிக்கப் பொறுமை இல்லையென்றால் கணினியை அணைத்துப் போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு வகை கோளாறு உண்டு. கேமரா கிடைக்கிறது, படமும் வருகிறது, ஆனால் படம் பாதியில் கிழிந்த மாதிரி வருகிறது, அல்லது உறைந்து நிற்கிறது, அல்லது வினாடிக்கு இரண்டு படத்துக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. இது வெள்ளக் கணக்கு. 3008-க்கு 3008 புள்ளி உள்ள ஒரு சென்சார் 16 பிட்டில் ஒரு படம் அனுப்பினால் சுமார் 18 மெகாபைட். யூஎஸ்பி 2 காகிதத்தில் வினாடிக்கு 480 மெகாபிட் என்றாலும் கையில் கிடைப்பது 40 மெகாபைட்டுக்குள்தான். ஆக, வினாடிக்கு இரண்டு படம். கேமரா மேல் குற்றமே இல்லை. அதே ஒயரில் 640-க்கு 480 அளவில், 8 பிட்டில், கிரகத்தைச் சுற்றி மட்டும் சின்னச் சதுரமாக வெட்டி எடுத்தால் ஒரு படம் 0.3 மெகாபைட்தான். வினாடிக்கு நூறு படம் ஓடும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால் ஓரிரண்டு நிமிடத்துக்குள் ஆயிரக்கணக்கான படங்களை அள்ள வேண்டும். அதனால் இந்தச் சதுரம் வெட்டுவது வெறும் சிக்கனம் இல்லை, அவசியம்.

மென்பொருளில் இந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர் இருக்கும். 'டர்போ யூஎஸ்பி', 'யூஎஸ்பி டிராஃபிக்' என்று ஆளுக்கு ஒரு பெயர். சிலவற்றில் எண்ணைக் கூட்டினால் வேகம் கூடும், சிலவற்றில் குறையும். ஒரு பக்கம் நகர்த்திப் பார்த்து, படம் நிலையாக வரும் இடத்தில் விட்டுவிடுங்கள். ராஸ்பெர்ரி பை மாதிரி லினக்ஸ் கணினியில் யூஎஸ்பிக்கு ஒதுக்கிய நினைவகம் இயல்பாக 16 மெகாபைட்தான். பெரிய சென்சாரின் ஒரு படம்கூட அதில் அடங்காது. தயாரிப்பாளர் தரும் நிறுவல் கோப்பை ஒழுங்காக ஓட்டினால் பெரும்பாலும் அதுவே இந்த எல்லையை உயர்த்திவிடும். பலர் அந்தப் படியைத் தாண்டிவிட்டு அவதிப்படுகிறார்கள்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, நீங்கள் உள்ளே டீ போடப் போனபோது கேமரா தொலைகிறதா? அப்போது கணினியின் சிக்கனப் புத்தியைச் சந்தேகப்படலாம். விண்டோஸின் பவர் ஆப்ஷனில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று ஒன்று இருக்கும். அதை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ஹப்பின் பண்புகளிலும், 'மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம்' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். கணினி தூங்கும் நேரத்தையும் 'ஒருபோதும் வேண்டாம்' என்று வையுங்கள்.

எடின்பரோ நண்பர் மாதிரி சமையலறையிலிருந்து வைஃபை வழியே வெளிக் கணினியைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு போலிக் கோளாறு காத்திருக்கிறது. யூஎஸ்பி 3 கேபிளும் ஹப்பும் வேகமாக ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. வீட்டு வைஃபை அதே 2.4-ல் இருந்தால் திரை உறைந்துவிடும். நாம் "ஐயோ, கேமரா போச்சு" என்று பனியில் ஓடுவோம். அங்கே போய்ப் பார்த்தால் கேமரா சமர்த்தாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். போனது வைஃபைதான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அல்லது கேபிளை வைஃபை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள். வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறினாலும் காரணம் இதுவாக இருக்கலாம்.

தொலைநோக்கி நகரும்போது மட்டும் இணைப்பு அறுந்தால் கணினியைத் தொடவே வேண்டாம். கேபிள் எங்கோ இழுபடுகிறது. பகலில் மோட்டாரை ஓடவிட்டு, கிழக்கிலிருந்து மேற்குவரை முழுதாக ஒரு சுற்று திருப்பி, கேபிள் எங்கே சிக்குகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கேமராவின் சாக்கெட்டில் பாரம் தொங்காதபடி கேபிளைத் தொலைநோக்கியின் குழாயோடு ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடுங்கள். கனடா, நார்வே மாதிரி ஊர்களில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் சாதாரண பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் விறைத்துக் கம்பி மாதிரி நிற்கும். சிலிக்கான் உறை போட்டது வளைந்து கொடுக்கும். முடித்துவிட்டு உள்ளே கொண்டுவரும்போது கேமராவைப் பையில் போட்டு மூடியே எடுத்து வந்து ஓரிரு மணி நேரம் அப்படியே விடுங்கள். திறந்தால் வீட்டு ஈரம் முழுக்க சாக்கெட்டில் முத்து முத்தாக வந்து உட்காரும்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் சிலர் இந்தக் கேமராவையும் கூட எடுத்துப்போக நினைக்கிறார்கள். நல்ல யோசனை. தாத்தா பாட்டி வீட்டு மொட்டை மாடியில், எடின்பரோவில் அடிவானத்துக்கு மேலே ஏறவே ஏறாத அகத்திய நட்சத்திரம் கண்ணுக்கு நேரே நிற்கும். ஆனால் புறப்படும் முன் 12 வோல்ட் அடாப்டரின் முதுகில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கா, கனடாவில் 120 மட்டும் என்று எழுதிய அடாப்டர்கள் உண்டு. அதை ஊரில் 230-ல் செருகினால் வாசனை வரும், கேமரா வராது. டிரைவர், மென்பொருள் நிறுவல் கோப்புகளை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். மாடியில் இன்டர்நெட் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு வழி கிடைக்காவிட்டால் எழுதுங்கள். "கேமரா வேலை செய்யலை" என்று மட்டும் எழுதினால் நான் பதிலுக்கு ஆறு கேள்வி கேட்பேன், அதற்குள் ஒரு நல்ல இரவு போய்விடும். கேமரா மாடல், கணினியில் விண்டோஸா மேக்கா, எந்தப் பதிப்பு, கேபிள் எத்தனை மீட்டர், நடுவில் ஹப் உண்டா, டிவைஸ் மேனேஜரில் என்ன கோட் வருகிறது, மாட்டியதிலிருந்து எத்தனை நிமிடத்தில் போகிறது, இவற்றை எழுதி, பிழைச் செய்தியைப் போனில் ஒரு படம் பிடித்து அனுப்புங்கள். படம் கருப்பாக வருகிறது என்பதுதான் புகார் என்றால், அனுப்பும் முன் தொலைநோக்கியின் முன்மூடியைக் கழற்றியாச்சா என்று வீட்டில் யாரையாவது விட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.